தொண்டு செய்யப் போனவன்

மெக்ஸிகோவின் தெற்கே, வஹாக்கா மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தொண்டு செய்யப் போயிருந்தேன். தொண்டு செய்கிறவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு ஏராளமாக இருந்தது.

அக்டோபர் கடைசி வாரம். ஊரே திரண்டு கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கிக் கொண்டிருந்தது. கூலி எவ்வளவு என்று என் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன். சிரித்துவிட்டு, "தெகியோ" என்றார்கள். ஊர்ப் பொதுவேலையைக் கூலியில்லாமல் எல்லோரும் கூடிச் செய்யும் பழைய வழக்கத்துக்கு அங்கே அதுதான் பெயர். யாரும் அதைத் தொண்டு என்று சொல்லிக் கொள்ளவில்லை. நானும் ஒரு மண்வெட்டியை வாங்கிக் கொண்டேன்.

நவம்பர் 1, 2 இறந்தோர் திருநாள். முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி படையல் வைத்தாள். துலுக்கச் சாமந்தி என்று நாம் சொல்லும் பூவுக்குப் பிறந்தகம் மெக்ஸிகோதான். அதைக் குவியலாகக் கொட்டி, சாம்பிராணி போல் ஒரு பிசினைப் புகைத்து, ரொட்டியும் உப்பும் தண்ணீரும் வைத்தாள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்குமாம்.

"உன்னுடையவர்கள் யாரப்பா?" என்று கேட்டாள்.

அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஆறு வருஷமாக அவள் திதியைத் தட்டிக் கழித்தவன் நான் என்பதைச் சொல்லவில்லை.

பாட்டி இன்னொரு தம்ளரை என் கையில் கொடுத்தாள். நானே தண்ணீர் மொண்டு வைத்தேன்.

அங்கே என்ன தொண்டு செய்தாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புல் செதுக்கினேன் என்கிறேன்.