தடாகத்துக்கு எந்த நிறம்?

நீருக்கு நிறமில்லை என்று பள்ளிக்கூடத்திலே படித்திருக்கிறோம். ஒரு குவளை நீரைப் பொறுத்தவரையில் அது சரியே. ஆயின் பல அடி ஆழமுள்ள நீருக்கு அப்பாடம் போதாது. சூரிய ஒளியிலுள்ள செந்நிறக் கதிர்களை நீர் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கிறது. நீலக் கதிர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆதலால் வெண்ணிற அடித்தளமுள்ள தடாகத்தில் நிற்கும் தெளிந்த நீர் மெல்லிய நீலமாகத் தோன்றும். அது வானத்தின் சாயல் மட்டுமே என்று சொல்வாரும் உளர். கூரையிட்ட மண்டபத்துள் அமைந்த தடாகமும் நீலமாகவே தோன்றுவதைக் கண்டால் அவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

இந்த விஞ்ஞானம் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. நெடுங்காலம் கனடாவில் வாழ்ந்த என் தமக்கையாரும் அத்தானும் யாழ்ப்பாணத்திலே வீடு கட்டினர். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது நீந்தி மகிழ்வதற்காகப் பின் வளவிலே 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட நீச்சல் தடாகம் ஒன்றையும் அமைத்தனர். குழி வெட்டும்போதும் சீமெந்து பூசும்போதும் வீட்டில் ஒரு கருத்து வேற்றுமையும் எழவில்லை. “உட்புறத்துக்கு என்ன நிறம், ஐயா?” என்று மேசன் கேட்ட அன்றைக்கே நான்கு கட்சிகள் தோன்றிவிட்டன.

அத்தானுக்குக் கருங்கல் நிறமே வேண்டும். ஜெப்ரி பாவா வரைந்து 1994 இல் திறக்கப்பட்ட கண்டலம விடுதியின் தடாகத்தை அவர் பார்த்திருக்கிறார். அத்தடாகத்தின் விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது. அதன் நீர் அப்பாலுள்ள குளத்து நீரோடு கலந்துவிட்டது போலத் தோன்றும். அத்தகைய அமைதி தம் வளவிலும் குடிகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. கரிய அடித்தளம் ஒளியைத் திருப்பி அனுப்பாது. ஆகவே மேற்பரப்பு கண்ணாடி போலாகி மரத்தையும் முகிலையும் காட்டும் என்று அவர் கூறியதிலும் பிழையில்லை.

மருமகளோ நிலாவெளிக் கடலின் இளம் பச்சை கலந்த நீலத்தை விரும்பினாள். வெண்மணலின்மேல் ஆழம் குறைந்த நீர் பரந்து கிடப்பதால் அங்கு வரும் நிறம் அது. மணல் நிற அடித்தளம் இட்டால் தடாகத்திலும் அதற்கு அண்மையான நிறம் கிடைக்கும். அக்கா கடும் நீல மாபிள் ஓடு வேண்டும் என்றார். மேசன் செலவைக் கணக்கிட்டு வெள்ளையே போதும் என்றார். “தம்பி, நீ ஒரு தீர்ப்புச் சொல்” என்று அக்கா என்னை அழைத்தார்.

வெறும் பேச்சினால் தீராத வழக்கைச் சோதனையினால் தீர்ப்பது நன்று. நீர் கசிகிறதா என்று பார்ப்பதற்காகத் தடாகத்தை அப்போது நிரப்பியிருந்தனர். நான்கு சீமெந்துப் பலகைகளில் நான்கு நிறங்களையும் பூசி, உலர்ந்த பின் நீரின் அடியில் வரிசையாக இறக்கினோம். மாலை வெயிலில் நான்கும் அழகாகவே இருந்தன. வழக்கு முன்னிலும் சிக்கலாயிற்று.

அவ்வேளையில் எங்கள் அம்மா மெல்ல நடந்து வந்து கரையில் நின்றார். அவர் புத்தூரிலே பிறந்தவர். அங்குள்ள நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று ஊரார் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர். அடி தெரியாத நீரில் கால் வைக்கக்கூடாது என்பது அவர் எமக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று. நிறங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “இதிலே ஒரு பிள்ளை தாண்டு கிடந்தால் குசினியிலே நிற்கிறவளுக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் எவரும் அழகைப் பற்றிப் பேசவில்லை. நான்கு தேங்காய்ச் சிரட்டைகளில் கல்லை இட்டு, பலகைக்கு ஒன்றாக இறக்கினோம். கரிய பலகையின்மேல் சிரட்டை எங்கே கிடக்கிறதென்று அதனை இறக்கிய எனக்கே தெரியவில்லை. கடும் நீலத்தின்மேல் அது வெறும் நிழலாய்த் தோன்றியது. மணல் நிறத்தின்மேல் தெரிந்தது. காற்று வீசி நீர் அசைந்தபோது மங்கிற்று. வெள்ளைப் பலகையின்மேலோ நீர் அசைந்தபோதும் கரும்புள்ளியாக நின்றது. எங்கள் பிள்ளைகளின் தலைமயிர் கருமை, மேனி மாநிறம். கரிய அடித்தளம் அவர்களை மறைக்கும். வெளிறிய அடித்தளம் காட்டிக்கொடுக்கும்.

இது ஒரு முதியவரின் வீண் அச்சமன்று. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2021 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் நால்வரில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூக்குரல் இடுவதில்லை. வாய் நீருக்குள் அமிழும்போது குரல் எழுவது எப்படி? ஆகவே காதை நம்பியிருக்க இயலாது. கண்ணையே நம்ப வேண்டும். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிலையம் 2014 இல் வெளியிட்ட மாதிரி விதிகள் பொதுத் தடாகங்களின் அடித்தளம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும் என்று கூறுவதன் கருத்தும் இதுவே.

ஒருமுறை இவ்வாறு சிந்திக்கத் தொடங்கினால் மற்றைய நிறங்களும் தத்தம் இடத்தைத் தாமே தேடிக்கொள்கின்றன. அடித்தளம் முழுவதும் வெள்ளையாயின் படி எங்கே முடிகிறது, ஆழம் எங்கே கூடுகிறது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு படியின் விளிம்பிலும், ஆழம் மாறும் இடத்திலும் கடும் நீல ஓட்டினால் ஒரு பட்டி வைத்தோம். அக்காவின் நீலம் அங்கே பயன்பட்டது. கரையிலே கரிய கல்லைப் பதித்தால் யாழ்ப்பாணத்து நடுப்பகல் வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஈரத்தில் வழுக்காத, சொரசொரப்பான மணல் நிறக் கல்லைப் பதித்தோம். அதனால் மருமகளும் ஓரளவு மனம் ஆறினாள்.

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்று நீரிலே சுண்ணாம்பு கரைந்திருப்பதால், நீர் வற்றி ஏறும் விளிம்பிலே வெண்மையான படிவு கட்டும். கரிய ஓட்டின்மேல் அது சாம்பற் கோடாகத் துலங்கும். வெளிர் ஓட்டின்மேல் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைக்கும் குறைகள் உண்டு. உச்சி வெயிலில் கண் கூசும். சருகும் பாசியும் உடனே தெரியும். ஆயினும் பாசி உடனே தெரிவதைக் குறையென்று சொல்வதற்கில்லை. இத்தடாகம் சராசரி 1.2 மீற்றர் ஆழமுள்ளது. நிரப்புவதற்கு ஏறத்தாழ 38,000 லீற்றர் நீர் வேண்டும். வற்றாத ஆறு இல்லாத, நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டிலே நினைத்தபோதெல்லாம் இறைத்து நிரப்பலாமா? தொடக்கத்திலேயே பாசியைக் கண்டால் சிறு முயற்சியினால் நீரைக் காப்பாற்றலாம். பச்சை அடித்தளம் அதனை மறைத்துவைத்துப் பின்னர் பெருஞ் செலவு வைக்கும்.

பிள்ளைகளின் நீச்சல் உடையைப் பற்றியும் ஒரு சொல். வெளிர் நீலமும் வெள்ளையும் இத்தகைய தடாகத்தில் நீரோடு நீராக மறைந்துவிடும். செம்மஞ்சள், கடுஞ் சிவப்பு முதலிய நிறங்கள் எட்டத்திலேயே தெரியும். கடையிலே உடை தெரியும்போது பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இவ்வளவும் செய்தபின்னும் நிறம் காவலாளியாகிவிடாது. பார்க்கும் கண் இருந்தாலன்றோ அது உதவும்? ஆகவே தடாகத்தைச் சுற்றி நான்கு புறமும் வேலி அமைத்து, தானாகவே மூடிக்கொள்ளும் படலையும் இட்டோம். அதன் கொளுக்கி சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அத்தான் தம் கருங்கல்லை முற்றாக இழந்துவிடவில்லை. வாங்கிவைத்த கல்லைக் கொண்டு, தடாகம் முழுவதும் தெரியும்படியாக, மாமர நிழலில் ஓர் இருக்கை கட்டுவித்தார். பிள்ளைகள் நீரில் இறங்குமுன் வளர்ந்தவர் ஒருவர் அதில் வந்து அமர வேண்டும் என்பது அவ்வீட்டு விதி. சென்ற விடுமுறையில் பெரும்பாலும் அத்தானே அங்கு அமர்ந்திருந்தார். கையிலே பத்திரிகை இருந்தது, ஆனால் அவர் அதனைப் பிரித்ததை நான் காணவில்லை.