சிந்து நதிக்கரையில் கொதிநிலைப் பாடம்

லடாக்கில் பருப்பு லேசில் வேகாது. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் 88 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. சாலையோர தாபாவிலிருந்து வீட்டுச் சமையலறை வரை பிரஷர் குக்கரின் விசில் ஓயாமல் கேட்பதற்கு இதுதான் காரணம். அங்குள்ள பெண்கள் தினமும் அனுபவிக்கும் இந்த உண்மை, பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரியில் இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பதே அந்த வரி.

லேயிலிருந்து ஸ்ரீநகர் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் நிம்மு. சிந்து நதியோடு ஜன்ஸ்கார் நதி கலக்கும் இடம். இரு நிறத் தண்ணீர் சிறிது தூரம் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுவதைப் பார்க்க, டாக்சியை நிறுத்திப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. பயணிகள் பார்க்காமல் போவது கிராமத்தை. சுற்றிலும் புல் முளைக்காத மலை; நடுவில் வாய்க்கால் தண்ணீரால் பச்சையான பார்லி வயல்கள், பாப்ளர் மரங்கள், ஜூலையில் பழுக்கத் தொடங்கும் ஆப்ரிகாட். ஆண்டு முழுவதும் சேர்த்தால் சுமார் 10 சென்டிமீட்டர் மழை பெய்யும் பூமியில், மலைப்பனி உருகி வரும் தண்ணீரில்தான் எல்லாம் விளைகிறது.

அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்தில், கோடை விடுமுறையின் இரண்டு வாரங்களுக்குப் பயிற்சி முகாம். நடத்துவது ஒரு சிறிய தொண்டு அமைப்பு. எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை முப்பது பிள்ளைகள். பொறுப்பாளர், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். உதவிக்கு வந்திருப்பவர், சண்டிகரில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் இருபது வயது லடாக்கி மாணவி. முதல் வேலை. சம்பளம் 5 ஆயிரம் ரூபாய். சாப்பாடு, தங்குமிடம் இலவசம். பாய் விரிப்பது, வருகைப் பதிவு, நோட்டுத் திருத்துவது, மாலையில் ஒரு மணி நேரம் அறிவியல் - இதுதான் வேலை. தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் 'கென்-லே' என்கிறார்கள். இவர் 'அச்சே-லே'. அச்சே என்றால் அக்கா. 'லே' மரியாதைக்கு, நம் ஊர் 'ங்க' மாதிரி.

இந்த மாதிரி முகாம்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் லடாக் அரசுப் பள்ளிகளில் நடுநிலை வகுப்புகள் வரை உருது வழிப் பாடம், ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலம். வீட்டிலோ லடாக்கி. 1988ல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய செக்மால் இயக்கம், பத்தாம் வகுப்பில் தோற்றவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தது. 1994ல் அரசோடும் கிராமத்தாரோடும் கைகோத்து 'புதிய நம்பிக்கை' என்ற திட்டத்தில் இறங்கியது. ஊர்தோறும் கல்விக் குழுக்கள் வந்தன, பாடப் புத்தகங்கள் லடாக்குக்கு ஏற்ப எழுதப்பட்டன. அதற்கு முன் நூற்றுக்கு 95 பேர் தோற்றார்கள் என்பது அந்த இயக்கம் சொல்லும் கணக்கு. நிலைமை பெரிதும் மாறியது. 2019ல் லடாக் யூனியன் பிரதேசமும் ஆனது. ஆனால் பரீட்சைத் தாளின் ஆங்கிலம் இன்னும் பல பிள்ளைகளுக்கு மலைதான்.

நான்காம் நாள் மாலை அந்த மலையில் உதவி ஆசிரியையும் முட்டிக்கொண்டார். திட்டமிட்ட பாடம் வெப்பம். ஸ்டவ், அலுமினியப் பாத்திரம், ஆய்வுக்கூட தெர்மாமீட்டர். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசம் 90ல் நின்றது. லேயைவிட நிம்மு தாழ்வு என்பதால் இரண்டு டிகிரி கூடுதல். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்றாள் ஒரு பெண். பத்தாம் வகுப்பை இரண்டாம் முறை எழுதப்போகும் பையன் மட்டும் நோட்டைத் திறந்தபடி கேட்டான்: "பரீட்சையில் எதை எழுதணும் அச்சே-லே? புத்தகத்தில் இருப்பதையா, பாத்திரத்தில் இருப்பதையா?"

அறிவியலில் 4 மார்க்கில் தோற்றவன் அவன். அவனுக்கு இது தத்துவக் கேள்வி அல்ல.

உதவி ஆசிரியையால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவரே பத்தாம் வகுப்பில் 100 என்று எழுதி மார்க் வாங்கியவர். வீட்டு அடுப்போடு அதைப் பொருத்திப் பார்த்ததில்லை. இரவு சாப்பாட்டின்போது தலைமை ஆசிரியர் தன் கட்சியைச் சொன்னார். விடைத்தாள் திருத்துகிறவர் நிம்முவில் உட்கார்ந்து திருத்தப்போவதில்லை. 90 என்று எழுதினால் தப்பு போட்டுவிடுவார். இன்னொரு வருஷம் தோற்றால் பையனை அவன் அப்பா டாக்சி ஓட்ட அனுப்பிவிடுவார். உண்மையைச் சொல்லிக்கொடுத்துப் பையனைத் தோற்க வைப்பது என்ன நியாயம்? கண்ணால் பார்த்ததை மறைத்து எழுது என்று எப்படிச் சொல்வது என்று உதவி ஆசிரியையும் விடவில்லை. பெரியவர் கடைசியில் ஒரு வழி சொன்னார். முழு வாக்கியமாக எழுதட்டும்: கடல் மட்டத்தில், இயல்பான காற்றழுத்தத்தில், 100 டிகிரி. அதில் பொய் இல்லை, மார்க்கும் போகாது. "ஆனால் அதை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டும். அது உன் பொறுப்பு."

அடுத்த சிக்கல் கடல் மட்டம். வகுப்பில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. உதவி ஆசிரியையும்தான். சண்டிகரில் ஏது கடல்? மறுநாள் பிள்ளைகளை நதிகள் கலக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். இந்தத் தண்ணீர் பள்ளத்தைத் தேடி இறங்கிக்கொண்டே போகிறது. பாகிஸ்தானைக் கடந்து அரபிக் கடலில் விழுகிறது. இனி இறங்க இடமில்லை என்று அது நிற்கும் இடம்தான் கடல் மட்டம் என்றார். நிம்முவிலிருந்து அங்கே சுமார் 3,100 மீட்டர் இறக்கம். இன்னொன்றும் சொன்னார். இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதி இமயம் எழும்புவதற்கு முன், இங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. சிந்து ஓடும் இந்தத் தடத்தை ஒட்டித்தான் இரண்டு நிலப்பகுதிகளும் இணைந்தன. பிள்ளைகள் நம்பாமல் மலையைப் பார்த்தார்கள்.

கரும்பலகையில் ஒரு பட்டியல் வளர்ந்தது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும் என்ற கணக்கில் நிம்மு 90, லே 88, வானியல் தொலைநோக்கி இருக்கும் ஹன்லே 85. கார்துங் லா கணவாய்க்குக் கணக்குப் போடும்போது தகராறு. அங்கே நீண்ட காலம் இருந்த பலகை 18,380 அடி என்றது. பின்னாளில் அளந்தவர்களின் கணக்கில் அது 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர்தான். பலகையில் எழுதியதும் தப்பாகுமா என்று கேட்டாள் தெர்மாமீட்டரைச் சந்தேகித்த பெண். எதையும் அளந்து பார்க்கலாம் என்றார் உதவி ஆசிரியை. 82 என்று எழுதிக்கொண்டார்கள்.

மீதி நாட்களில் அறிவியல் வகுப்பில் பாதி ஆங்கில வகுப்பானது. அந்த ஒற்றை வாக்கியத்தைப் பையன் முதல்முறை எழுதியபோது ஐந்து எழுத்துப் பிழைகள். இரண்டாம் வாரம் முடிவதற்குள் பிழை இல்லை. அதன் கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரி சேர்த்திருந்தான்: எங்கள் கிராமத்தில் 90 டிகிரி. அந்த வரிக்கு மார்க் கிடையாது என்றார் தலைமை ஆசிரியர். அடிக்கவும் சொல்லவில்லை.

முகாம் முடிந்த அன்று கிராமத்தார் உதவி ஆசிரியைக்கு வெள்ளைத் துண்டு அணிவித்தார்கள். 'கதக்' என்ற அந்தத் துண்டு லடாக்கில் வரவேற்புக்கும் உண்டு, வழியனுப்பவும் உண்டு. சம்பளம் ஒரு உறையில் வந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு சண்டிகரில் ஆங்கில அகராதிகள் வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியர் அவரை அடுத்த கோடைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். இம்முறை உதவிக்கு அல்ல, அறிவியல் வகுப்பைத் தனியாக நடத்த. தெர்மாமீட்டர் பள்ளிக்கே போயிற்று. இருப்புப் பதிவேட்டில் பெரியவர் தன் கையால் குறித்தார்: வெப்பமானி ஒன்று, சரியாக வேலை செய்கிறது.