சாவிக்கு ஒரு கிண்ணம், குடத்துக்கு ஒரு மூலை! - திண்டுக்கல் வீடுகள் சொல்லும் எளிய பழக்கங்கள்

ஊரின் பெயரிலேயே வீட்டுப் பொருள் ஒன்றை வைத்திருக்கும் ஊர் திண்டுக்கல். திண்டைப் போலக் கிடக்கும் பாறையால்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். 1605-ல் மதுரை நாயக்கர் காலத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை அந்தப் பாறையின் மேல் இன்றும் நிற்கிறது. படியேறி மேலிருந்து பார்த்தால் நெருக்கமான மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள். தூரத்தில் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை.

அந்த மாடிகளுக்குக் கீழே இருப்பவற்றில் சின்ன வீடுகளே அதிகம். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. புது சோபாவும் மர அலமாரியும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனாலும் ஒரே தெருவில், ஒரே அளவு வீடுகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று அடைசலாகவும் தெரிகிறது. இதற்குப் பணம் காரணமில்லை, பழக்கம்தான் காரணம். ஊருக்குள்ளும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு நடை போய்வந்தால் அது புரியும்.

பூட்டு ஊரில் சாவிக்கு இடம்

முதலில் நாகல் நகர் பக்கம். இங்கும் சுற்றுவட்டாரத்திலும் கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய் வடிவப் பூட்டு இதில் பிரபலம். விலை குறைந்த அலிகார் பூட்டுகள் வந்தபின் தொழில் சுருங்கிவிட்டது. ஆனாலும், அந்தப் பூட்டுக்கு உரிய சாவி மட்டுமே அதைத் திறக்கும் என்ற பெருமை இன்னும் குறையவில்லை.

பூட்டு எத்தனை உறுதியாக இருந்தால் என்ன, காலையில் சாவியைக் காணோம் என்றால் வீடே தலைகீழாகிவிடும். டிவி ஸ்டாண்டு, ஃப்ரிட்ஜ் தலை, மெத்தைக்கு அடி என்று கலைத்துப் போட்டதை யாரும் திரும்ப அடுக்குவதில்லை. வாசல் கதவுக்கு உட்புறம் ஓர் ஆணி போதும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்றால் ஓர் எவர்சில்வர் கிண்ணம் போதும். உள்ளே நுழைந்ததும் சாவி அதில் விழ வேண்டும். மூக்குக் கண்ணாடி, சார்ஜர், கரன்ட் பில் ஆகியவற்றுக்கும் இப்படி ஓர் இடம் இருந்தால் மேஜை காலியாகவே இருக்கும்.

வரிசையாக நிற்கும் குடங்கள்

நகரத்துக்கு ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து குடிநீர் வருகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் குழாயில் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி நீண்டுவிடும். அதனால் குடங்களைக் குறைக்கச் சொல்ல முடியாது. அவை நிற்கும் இடத்தைத்தான் மாற்ற முடியும். ஹாலில் நான்கு, வாசலில் மூன்று என்று சிதறாமல், ஒரே சுவரோரம் ஒரே வரிசையில், மூடியோடு வைத்தாலே பாதி அடைசல் போய்விடும். வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கொடியிலேயே மடித்துவிடுங்கள்

மதுரை சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைகளுக்குப் பேர்போன ஊர். சாயமேற்றி வெயிலில் காய்ந்த சேலையைச் சுருட்டிப் போட்டால் யார் வாங்குவார்கள்? மடிப்புக் கலையாமல் இருந்தால்தான் விலை.

வீட்டுத் துணிக்கும் அதேதான். கொடியிலிருந்து அள்ளி வந்து நாற்காலியில் போட்டால், அந்த நாற்காலியில் அப்புறம் யாரும் உட்கார முடியாது. கிளிப்பைக் கழற்றும்போதே மடித்து, அவரவர் துணியைத் தனித்தனியாக அடுக்கிவிட்டால் ஐந்து நிமிட வேலை. நைந்துபோன சுங்குடிச் சேலை இருந்தால் ஜன்னல் திரையாகவோ தலையணை உறையாகவோ தைத்துக்கொள்ளலாம். பருத்தி என்பதால் வெயிலையும் மட்டுப்படுத்தும், காற்றையும் விடும்.

யார் செய்வது?

சின்னாளபட்டியை ஒட்டியே இருக்கிறது காந்திகிராமம். மருத்துவர் சௌந்திரமும் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய நிறுவனம். பின்னாளில் கிராமியப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. காந்தி வகுத்த ஆதாரக் கல்வியில் கூட்டுவதும், இருக்கும் இடத்தைச் சுத்தமாக வைப்பதும் படிப்பின் பகுதி. பையன், பெண் என்ற வித்தியாசம் அதில் கிடையாது.

பல வீடுகளில் சிக்கல் இங்கேதான். கிண்ணத்தில் சாவியைப் போடுவதும், குடத்தைக் கழுவுவதும், துணி மடிப்பதும் அம்மா ஒருவரின் வேலை என்றால், அவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்ததும் வீடு பழையபடி ஆகிவிடும். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவி வைப்பது, எழுந்தவரே போர்வையை மடிப்பது, செருப்பைக் கழற்றியவரே ஓரமாக வைப்பது என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. ஐந்து வயதுக் குழந்தையும் செருப்பை ஜோடி சேர்த்து வைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும் இது பொருந்தும். சீரகச் சம்பா அரிசி தம்மில் இருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில், வெங்காயத் தோலை அள்ளி, மசாலா அரைத்த ஜாரையும் பாத்திரங்களையும் வேறொருவர் கழுவிவிட்டால், சாப்பிட உட்காரும்போது மேடை துடைத்தபடி இருக்கும். சமைத்தவரும் எல்லோரோடும் சேர்ந்து சூடாகச் சாப்பிடலாம்.

நேற்றைய பூ வேண்டாம்

இன்னும் தெற்கே நிலக்கோட்டை. மல்லிகையும் மற்ற பூக்களும் விடியற்காலையிலேயே சந்தைக்கு வந்துவிடும். பூ மலிவாகக் கிடைக்கும் பகுதி என்பதால் சாமி படமோ தாத்தா படமோ மாலையில்லாமல் இருப்பது அபூர்வம். ஆனால், காய்ந்து கருகிய மாலை இரண்டு வாரம் தொங்கினால் சுவரே சோர்ந்து தெரியும். புதுப் பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழையதைக் கழற்றிவிட வேண்டும். உதிரிப் பூ மிஞ்சினால் ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டு வாசலருகே வைக்கலாம். தண்ணீரைத் தினமும் மாற்றுவது அவசியம்.

மாலையில் பத்து நிமிடம்

நகரத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பேகம்பூர் பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு, தேவாலயத்தில் மாலை ஜெபம், தெருவில் விளக்கேற்றும் வீடுகள். எந்த வீட்டுக்கும் மாலையில் இப்படி ஒரு நேரம் இருக்கிறது. அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில், வீட்டில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து, இடம் மாறிய பொருட்களை அதனதன் இடத்தில் வைத்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இந்த வாரம் சாவிக் கிண்ணம் மட்டும். அது கைப்பழக்கம் ஆனபிறகு, அடுத்த வாரம் கொடித் துணி. பொங்கலுக்கு முன் வீட்டையே புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்யும் அந்த இரண்டு நாள் இடுப்பு வலியும் அடுத்த ஆண்டு பாதியாகக் குறைந்திருக்கும்.