சைக்கிளோடு வரும் தங்கச்சிக்கு

மதுரை,
ஆடி 3

அன்புத் தங்கச்சிக்கு,

அழகர்கோயில் ஆடித் தேருக்கு வருகிறீர்கள், பிள்ளைகளின் சைக்கிள் இரண்டையும் காரிலேயே கொண்டுவருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அந்த அரிட்டாபட்டியின் கண்மாய்க் கரையில் அவர்களை ஓட்டவிட்டு, குன்றுகளையும் வல்லூறுகளையும் காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சைக்கிள் வரும் வழியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி காதில் விழாது.

கூரைமேல் கட்ட வேண்டாம். உடுமலைப் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடி உனக்குத் தெரியாததா? அங்கே காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான். காரின் வேகம் இரண்டு மடங்கானால் காற்று எதிர்த்துத் தள்ளுவது நான்கு மடங்காகும். பக்கக் காற்றும் சேர்ந்தால் கட்டு எவ்வளவு தாங்கும்? உயரமும் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் கார்மேல் சைக்கிளை நிற்கவைத்தால் இரண்டரையைத் தொட்டுவிடும். ரயில்வே சப்வேக்கு முன்னால் நிற்கும் இரும்புத் தடுப்பு ஓட்டுகிறவர் ஞாபகத்துக்கு வருவதற்குள் சைக்கிள் அதில் மோதியிருக்கும். நம் வீட்டு போர்ட்டிகோவும் தாழ்வுதான்.

பின்கதவில் மாட்டும் ஸ்டாண்டு நம்பர் பிளேட்டையும் பிரேக் விளக்கையும் மறைக்கும். அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். பணம் போனால் போகட்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வரும் நாலுவழிச் சாலையில் நம் காருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று நினைத்துப் பார். வாடிப்பட்டியிலோ சமயநல்லூரிலோ டி.வி.எஸ். 50-இல் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஒருவர் வருவார். அவர் முன்னால் நம் சைக்கிள் விழுந்தால்? நான் இவ்வளவு எழுதுவது அவருக்காகவும்தான்.

அதனால் பின்சீட்டை மடக்கி உள்ளே வைக்கச் சொல். அப்படி வைத்தால் பிள்ளைகளுக்கு இடமிருக்காது. ஓரமாக நெருக்கி உட்காரவைக்கவும் கூடாது. நீயும் பிள்ளைகளும் பழனி வழியாக ரயிலில் வந்துவிடுங்கள், மாப்பிள்ளை சைக்கிள்களோடு காரில் வரட்டும்.

இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்குத் தள்ளிவிட்டால் வேலை சுலபம். படுக்கவைக்கும்போது செயின் பக்கம் மேலே இருக்கட்டும். கியர் மாற்றும் கை வளைந்துவிட்டால் பிறகு கியர் சரியாக விழாது. பெரியவன் சைக்கிளில் ஆயில் டிஸ்க் பிரேக் அல்லவா? சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக்கைப் பிடித்துவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு கட்டைகளும் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் நுழையாது. நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடச் சொல். செயினுக்கு அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றினால் சீட்டில் கிரீஸ் ஒட்டாது.

உள்ளே இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் கார் நிற்கும். கட்டாத சைக்கிள் வந்த வேகத்திலேயே மாப்பிள்ளையின் கழுத்துக்கு வரும். நம் ஊரில் கேரியரில் மூட்டை கட்டும் அறுத்த டியூப் இதற்கு உதவாது. அது இழுபடும். லோடு ஆட்டோக்காரர்கள் வைத்திருக்கும் பெல்ட்தான் சரி. சீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து இறுக்க வேண்டும். முதல் பத்து கிலோமீட்டரில் கட்டு தளரும், நிறுத்தி ஒரு தடவை இறுக்கட்டும். அப்புறம் பழனியில் ஒரு தடவை, ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்கும்போது ஒரு தடவை.

ஸ்பேனரும் காற்றடிக்கும் பம்பும் என்னிடம் இருக்கின்றன. வந்ததும் நானே மாட்டித் தருகிறேன். பிரேக்கைச் சோதித்துப் பார்க்காமல் பிள்ளைகளை ஏறவிடாதே. எந்த ரயில் என்று மட்டும் எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

உன் அண்ணன்