கிளி எங்கே என்று கேட்பவர்களுக்கு

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "கிளி எங்கே டீச்சர்?" என்கிறீர்கள். வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன், காற்றில் முறிந்த பனைமரத்துப் பொந்தில் கிடைத்த குஞ்சு. கம்மங்கூழ் ஊட்டி வளர்த்தேன். மிளகாய்ப் பழம் என்றால் உயிர். கதவு நிலையைக் கொறித்தே தேய்த்துவிட்டது. குக்கர் விசில் மாதிரி கத்தும். நான் அடுப்பை அணைக்க ஓடுவேன்!

பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன்தான் சொன்னான். அவனுக்குச் சமூக அறிவியல் நடத்தியது நான். திறந்துவிடலாம் என்றால் பூனைக்கு இரையாகும். பறந்துவிடுமோ என்று இறக்கையை நறுக்கி வைத்ததும் நான்தானே.

கைமாறும்போதும் குக்கர் விசில் அடித்தது.

கூண்டு கேட்ட தம்பிக்கு: லவ்பேர்ட்ஸ் என்றால் எடுத்துப் போ, கிளிக்கு என்றால் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.