காக்காவின் சீ.ஆர். கொப்பி

காக்கா மௌத்தான பிறகு அவரது மேசை லாச்சியில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடந்தது. நெல் வியாபாரக் கணக்காக இருக்கும் என்று எண்ணிப் புரட்டினேன். கொடுத்தவர் பெயரும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. முதற் பக்கத்திலிருந்து அவருடைய பஜெரோ ஜீப்புக்கு ஒயில் மாற்றிய விபரங்கள்தான். திகதி, மீற்றர் காட்டிய தூரம், ஊற்றிய அளவு, பில்டர் மாற்றியதா, இடையில் எவ்வளவு குறைந்தது. 13 வருடங்கள். ஒரு வருடம்கூட விடுபடவில்லை.

அது 1995ஆம் வருட வாகனம். யப்பானில் ஓடிக் களைத்து, ரீகண்டிஷன் என்ற பெயரில் இங்கு வந்து சேர்ந்தது. 4எம்40 என்ற 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், டர்போவும் உண்டு. 2004இன் தொடக்கத்தில் காக்கா வாங்கும்போதே 1 இலட்சத்து 42 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. சம்மாந்துறையில் அப்போது அதைப் பார்க்கச் சனம் கூடியது எனக்கு ஞாபகம். காக்காவுக்கோ பவுசில் நாட்டமில்லை. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் தவறாமல் ஒயில் மாற்றினார். நான்கு லீற்றர் கான் இரண்டு வாங்குவார். மிஞ்சும் கொஞ்சத்தைச் சோடாப் போத்தலில் அடைத்துப் பின் சீற்றுக்கடியில் வைத்திருப்பார். ஒவ்வொரு வெள்ளியும் சுபஹுக்குப் பின் பொனற்றைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, பழைய பெனியன் துண்டால் துடைத்து, மறுபடி விட்டு இழுத்துப் பார்ப்பார்.

கொப்பியில் ஒரு பக்கத்தில் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது சம்மாந்துறை தப்பியது. சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. காக்கா அன்று பகலே ஜீப்பை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் போனவர், மூன்று நாள் வீட்டுக்குச் சரியாக வரவில்லை. யாரை ஏற்றினார், எத்தனை ஜனாஸா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கொப்பியிலும் இல்லை. அந்த வாரத்துக்கு உள்ள குறிப்பு இதுதான்: 'பின் எக்ஸல் ஒயில் பால் தேத்தண்ணி நிறம். உப்புத் தண்ணி. மாத்தினேன். 3 நாளில் மறுபடி மாத்தினேன். எஞ்சின் ஒயிலும் மாத்தினேன்.' எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான் வரும். ஒரு தரம் வடித்தால் முழுவதும் போகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2017இல் அவர் போன பிறகு வாகனம் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. ஓட்ட ஆளில்லை. மதினியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, கடைத்தெருவுக்குப் போக என்று நான் பொறுப்பெடுத்தேன். இளைய மகளின் வீடு பாதியில் நின்றது. நல்ல விலை வரும்போது விற்று அந்தக் காசில் கூரை போடுவது என்று குடும்பத்தில் பேச்சு. கொப்பியையும் என்னிடம் தந்தார்கள். அப்போது மீற்றர் 2 இலட்சத்து 96 ஆயிரம்.

முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவன் நான். ஐந்து வருடத்தில் காக்காவின் கொப்பியில் மூன்று குறிப்புகளே எழுதினேன். என் கணக்கு எளிமையானது: 5,000 ஓடவில்லையே, பிறகென்ன? வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு இரண்டு கிலோமீற்றர், சந்தைக்கு மூன்று. இப்படிக் குறுந்தூரம் ஓடும் வாகனத்துக்குத்தான் ஒயில் சீக்கிரம் கெடும் என்பது எனக்குத் தெரியாது. எஞ்சின் முழுச் சூடு ஏறுமுன் நிறுத்திவிட்டால் உள்ளே படியும் ஈரமும் எரியாத டீசலும் ஆவியாகிப் போக வழியில்லை. ஒயிலோடு கலந்து அங்கேயே தங்கும். டீசலில் உள்ள கந்தகம் அமிலத்தை உண்டாக்கும். அதை முறிக்கும் மருந்தை ஒயிலிலேயே சேர்த்திருக்கிறார்கள். அந்த மருந்து தீர்ந்த பின்னர் ஊற்றியிருப்பது வெறும் எண்ணெய்தான்.

2022 வந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. ஒயில் விலை கேட்டாலே தலை சுற்றியது. டீசல் வரிசையில் மூன்று நாள் நின்றேன். ஸ்டார்ட் பண்ணி இருபது அடி, நிறுத்தி இரண்டு மணித்தியாலம், மறுபடி ஸ்டார்ட். எஞ்சினுக்கு அதைவிடக் கெடுதி வேறில்லை. இடையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கான் ஒயில் வாங்கி ஊற்றினேன். அது பெற்றோல் எஞ்சினுக்கு உரியது. கானின் பின்புறத்தில் தர எழுத்து அச்சிட்டிருக்கும். 'எஸ்' என்று தொடங்கினால் பெற்றோலுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. ஒற்றுப்பிழைக்குப் புள்ளி வெட்டிய நான் அந்த ஓர் எழுத்தை வாசிக்கவில்லை.

அவ்வருடக் கடைசியில் அம்பாறையிலிருந்து திரும்பும்போது, சந்தியில் நிற்கையில் சிவப்பு ஒயில் லைற் மினுங்கியது. அக்சலரேற்றரை மிதித்தால் அணைந்தது. விட்டால் மினுங்கியது. கராஜில் சம்ப்பைக் கழற்றினார்கள். ஒயிலை உறிஞ்சும் குழாயின் வலைவாயில் தார் போன்ற கறுப்புச் சகதி அப்பிக் கிடந்தது. அந்த வழியால் ஒயில் மேலேறவில்லை.

"ஒயில் கறுப்பாத்தானே இரிக்கும் எண்டு வுட்டுட்டீங்களா சேர்?" என்று மெக்கானிக் கேட்டார்.

அப்படித்தான் விட்டிருந்தேன். டீசல் எஞ்சினில் நல்ல ஒயிலும் இரண்டு நாளில் கறுத்துவிடும். கரியைத் தன்னோடு கரைத்து வைத்திருப்பதன் அடையாளம் அது. கறுப்பு குற்றமில்லை. சுமக்க முடியாமல் போகும்போது கீழே இறக்கிவிடுகிறதே, அதுதான் ஆபத்து. பிக் என்ட் பெயாரிங்குகள் தேய்ந்திருந்தன. கிராங்க் தப்பியது. எனது மூன்று மாத ஓய்வூதியம் அதிலே போயிற்று. ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தது. 1,000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குடித்தது.

2020இலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் 2023இல் பழைய வாகனங்களுக்குப் பொன் விலை. ஒரு புறோக்கர் வந்தார். எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தடித்த ஒயிலை ஊற்றி, அதைக் குழம்பாக்கும் ஒரு டின் மருந்தையும் சேர்க்கச் சொன்னார். "புகையும் வராது, சத்தமும் வராது. ஒரு மாசம் தாங்கும் ஹாஜியார், அது போதும்" என்றார். (நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை.) நமது வெப்பத்துக்குப் பழைய எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது ஊரெங்கும் உள்ள வழக்கம். அதில் தவறில்லை. இங்கே அது எதற்காக என்பதுதான் என்னை உறுத்தியது. விற்கும் பொருளின் ஐபைச் சொல்லி விற்க வேண்டும் என்பதை நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன்.

என் சொந்த வாகனமாயிருந்தால் யோசிக்க ஏதுமில்லை. உண்மையைச் சொன்னால் குறையப்போவது வாப்பா இல்லாத ஒரு பிள்ளையின் கூரைக் காசு. குறைய வைத்தவன் நான். என் மனச்சாட்சிக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் அவளிடமே போய், சகதியிலிருந்து புகை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"வாப்பாட கொப்பியையே காட்டுங்க சாச்சா. எல்லாம் அதுல இரிக்கிதானே?"

"நான் எழுதாதது இல்லையே மகள்."

"அப்ப அதையும் எழுதுங்க."

அன்றிரவு இருந்து எழுதினேன். மாற்றாமல் விட்ட காலம், பெற்றோல் ஒயில், வலைவாய், பெயாரிங், புகை, அரை லீற்றர். காக்காவின் எழுத்துக்குக் கீழே என் எழுத்து அழகாக இருந்தது.

வாங்க வந்தவர் ஒரு வட்டைக்காரர். ஜீப்பைப் பார்த்ததைவிடக் கொப்பியைப் பார்த்த நேரம்தான் கூட. கேட்ட விலையில் 4 இலட்சம் குறைத்தார். மருமகள் சம்மதித்தாள். கொப்பியும் வேண்டும் என்றார். அவள் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தாள், மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். கூரையின் ஒரு பக்கத்துக்குத் தகரம்தான் போட முடிந்தது.

போன மாதம் அவர் தொலைபேசியில் பேசினார். எஞ்சினைப் பிரித்து ரிங் போட்டுவிட்டாராம். கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் ஏதோ கிறுக்கியிருக்கிறது, போட்டோக் கொப்பியில் விளங்கவில்லை, என்னவென்று கேட்டார்.

எனக்குத் தெரியும். எந்தத் தூரம் போய் வந்தாலும் காக்கா உடனே சாவியைத் திருப்ப மாட்டார். வாசலில் எஞ்சினை மெல்ல ஓடவிட்டபடி உள்ளேயே இருப்பார். கொதித்துப் போன டர்போவுக்கு ஒயில் ஓடி அதை ஆற்ற வேண்டும். உடனே நிறுத்தினால் நின்ற ஒயில் அங்கேயே கருகிவிடும். நாங்கள் சோற்றை வைத்துக்கொண்டு, இந்த மனுசன் இறங்கி வராமல் என்ன செய்கிறார் என்று சலித்துக்கொள்வோம்.

"அது 'ஒரு நிமிசம்'" என்றேன்.