'செக்' ஒயினும் சுகர் மாத்திரையும்

கிருமாம்பாக்கம் பக்கம் பிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரங்க சில பேர் வெள்ளை ஒயின் கொண்டு வருவாங்க. லேபிள்ல 'செக்'னு இருந்தா இனிப்பு இல்லாதது. "அப்ப சுகருக்கு ஆகும்ல டாக்டர்?" இந்தக் கேள்விக்குத்தான் இந்த த்ரெட்.

முதல்ல ருசி. நாந்த் ஊர்ப்பக்கத்து முஸ்காதே ஒயினை எடுத்துக்கோங்க, அங்க கடல் சிப்பியோட குடிப்பாங்க. குளிர வெச்சு ஒரு வாய் குடிச்சா நாக்கு ஓரமெல்லாம் எச்சில் ஊறும், எலுமிச்சையை நக்கின மாதிரி. அது புளிப்பு. நாவல்பழம் மாதிரி நாக்கைப் பிடிச்சா துவர்ப்பு, அது சிவப்பு ஒயின் குணம். முழுங்கின பிறகும் புளிப்பு சுத்தமா நின்னா நல்ல ஒயின். தண்ணியா மறைஞ்சா சுமார்தான். (வஞ்சிரம் வறுவலுக்குப் பொருந்தும், மிளகாய் கம்மியா போட்டா!)

இப்ப சுகர். செக் ஒயின்ல சர்க்கரை பொதுவா லிட்டருக்கு 4 கிராமுக்குள்ளதான். மீதி எங்க போச்சு? ஈஸ்ட் தின்னு ஆல்கஹாலா மாத்திடுச்சு. 12% ஒயின் 150 மில்லியில சுமார் 14 கிராம் ஆல்கஹால். அது உள்ள போனா கல்லீரல் புதுசா குளுக்கோஸ் தயாரிக்கிறது குறையும். இன்சுலின், கிளிமிபிரைடு எடுக்கிறவர் சாப்பிடாம குடிச்சுட்டுப் படுத்தா ராத்திரி சுகர் இறங்கலாம். வேர்வை, உளறல், தடுமாற்றம் வரும். வீட்டுல "போதை, தூங்கட்டும்"னு விட்டுடுவாங்க. ஆபத்தே அங்கதான். உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70க்குக் கீழ இருந்து, முழுங்க முடிஞ்சா சர்க்கரைத் தண்ணி. மயக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108 கூப்பிடுங்க.